இடது காலுக்கு வேலையில்லாத லாரி

பாய் எங்கள் லாரி மெக்கானிக் ஷெட்டுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் அவருடைய இடது கால் மட்டும் சும்மா இருக்காது. டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருப்பார், பேப்பர் புரட்டிக்கொண்டிருப்பார், கால் தன்பாட்டுக்குத் தரையை அமுக்கும், விடும், மறுபடி அமுக்கும். மீசை முளைத்த வயதில் லாரியில் ஏறியவர். பஸ்ஸில் போகும்போதுகூட வேகத்தடை வந்தால் கால் கிளட்சைத் தேடுகிறது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

"பொஞ்சாதி என்ன சொல்றா தெரியுமா தம்பி? தூக்கத்துல கியர் மாத்தறேனாம். அவ கால் மேல ஏறி மிதிக்கிறேனாம்."

அந்தக் காலில்தான் மூட்டு தேய்ந்துபோனது. டிப்பர் லாரியின் கிளட்சை ஒரு நாளைக்கு எத்தனை தடவை மிதிப்பார்கள் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. குவாரிக்குள் இறங்குவது, பின்னால் எடுப்பது, லோடு ஏற்றிக்கொண்டு மேடேறுவது என்று எல்லாவற்றுக்கும் இடது கால்தான். இனிமேல் கிளட்ச் மிதித்தால் நடக்கிறதே கஷ்டமாகிவிடும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார். பாய் கொஞ்ச நாள் வீட்டில் இருந்தார். அந்த நாட்களில் திருச்சிப் பாலக்கரையில் அவரைப் பார்த்தபோது தாடி ஏறியிருந்தது, சிரிப்பு குறைந்திருந்தது.

அப்போதுதான் ஓனரம்மா அந்த ஆட்டோமேட்டிக் டிப்பரை வாங்கினார். முசிறிப் பக்கத்து வாழை விவசாயக் குடும்பம் அவருடையது. கணவர் காலமான பிறகு ஜல்லி வண்டிகளை அவரே நடத்துகிறார். ஏதோ சுரங்கத்தில் ஓடிய வண்டி, மலிவாகக் கிடைத்தது என்று எடுத்துவிட்டார். கிளட்ச் பெடலே இல்லாத அந்த லாரியில் ஏற மற்ற டிரைவர்கள் தயங்கினார்கள். பாய் ஏறி உட்கார்ந்தார். ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் வலது கால் போதும். இடது கால் ராஜா மாதிரி சும்மா இருக்கலாம். திருவெள்ளறை தாண்டி உள்ளே இருக்கும் குவாரியிலிருந்து ஊருக்கு ஜல்லி ஓட்ட ஆரம்பித்தார். தாடி போயிற்று, சிரிப்பு வந்தது.

எங்கள் ஷெட் காட்டூருக்குப் பக்கத்தில், தஞ்சாவூர் ரோட்டு ஓரம். ஷெட் என் மச்சானுடையது, கியர்பாக்ஸ் வேலை என்னுடையது. அஞ்சாவதோடு ஸ்கூலை விட்டவன் நான். வாயைத் திறந்து பேசுவதென்றால் எனக்கு எப்போதும் ஒரு கூச்சம். ஆள் நின்று கேள்வி கேட்டால் கையில் இருக்கும் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவேன். கஸ்டமரிடம் பேசுவதெல்லாம் மச்சான்தான். பாய் அதற்காகவே என்னைச் சீண்டுவார்.

"உங்கிட்ட பேசறதுக்கு இந்தக் கியர்பாக்ஸ்கிட்ட பேசலாம் தம்பி. அது கடகடன்னாவது ஒரு பதில் சொல்லும்."

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பெட்டிக்குள் கிளட்ச் கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். பெடல்தான் கிடையாது. கிளட்ச் ஒன்றுக்குப் பலவாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஒரு சொரசொரப்பான லைனர் தட்டு, அதன்மேல் வழவழப்பான ஸ்டீல் தட்டு, மறுபடி லைனர், மறுபடி ஸ்டீல் என்று அடுக்கியிருக்கும். அடுக்குக்குப் பின்னால் வளையம் மாதிரி ஒரு பிஸ்டன். எண்ணெய் அழுத்தத்தில் பிஸ்டன் முன்னால் வந்து தட்டுகளை ஒன்றோடு ஒன்று இறுக்கும். இறுகினால் சக்கரத்துக்கு இழுவை போகும். சரியாக இறுகாவிட்டால் தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் கருகும். நாம் காலால் செய்கிற வேலையை அங்கே எண்ணெய் செய்கிறது, அவ்வளவுதான்.

பாயின் வண்டி ஒரு மழைக்காலத்தில் வழுக்க ஆரம்பித்தது. எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகர யோசிக்கிறது. பெட்டியை இறக்கினோம். மச்சான் சென்னைக்குப் பேசி, இந்த மாடலுக்குப் புதிதாக மாற்றி வந்திருக்கும் கிளட்ச் கிட்டை வரவழைத்தார். பழையதில் அடிக்கடி கருகுகிறது என்று கம்பெனியே லைனர், பிஸ்டன், சீல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாம். பழையதைக் கழற்றி, புதியதைப் போட்டு ஏற்றினோம். பாய் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

தை மாதம் அறுவடை முடிவதற்குள் வண்டி திரும்பி வந்தது. சொந்தக் காலில் வரவில்லை. வேறொரு லாரி கயிறு கட்டி இழுத்து வந்தது. குவாரி மேட்டில் பாதி ஏறும்போது வழுக்கி, முழு லோடோடு பின்னால் உருண்டிருக்கிறது. பாய் பிரேக்கை மிதித்துப் பக்கச் சரிவில் முட்டி நிறுத்தியிருக்கிறார். பின்னால் ஆள் இல்லை. அது ஒன்றுதான் நல்ல விஷயம்.

ஓனரம்மா காரில் வந்தார். காட்டன் புடவை, கையில் சாவிக்கொத்து. கோபமாகப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இங்க பாருங்க மெக்கானிக், உங்க மேல தப்பு சொல்ல வரல. எனக்கு இந்த ஆட்டோமேட்டிக் சரிப்படல. அரியமங்கலத்துல ஒருத்தர் கையில சாதா கியர்பாக்ஸ் இருக்கு. பெடல், ஃப்ளைவீல் எல்லாம் சேர்த்து மாத்திக் குடுக்கறேங்கறார். வெள்ளிக்கிழமை கொண்டாருவார். போட்டுடுங்க."

மச்சான் தலையை ஆட்டினார். "அதுதாங்கம்மா நல்லது. இது நம்ம ஊருக்கு ஆகாது. சாதா பெட்டின்னா நாங்க கண்ணை மூடிட்டுப் போட்டுருவோம்."

பாய் லாரிப் படியில் உட்கார்ந்திருந்தார். இடது கால் தரையை அமுக்கவில்லை. சாதா பெட்டி போட்டால் பெடல் வரும். பெடல் வந்தால் அவர் ஓட்ட முடியாது. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஓனரம்மாவுக்கும் தெரியும், அதனால்தான் அவர் பாயைப் பார்க்காமல் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், உங்களுக்கு எடை போடற எடத்துல ஒரு வேலை பாத்துத் தரேன்," என்றார் கடைசியில்.

"அதுக்கென்னம்மா. உக்காந்து பண்ற வேலைதானே," என்றார் பாய். சிரித்தார். நான் அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குச் சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது. அது தொண்டைக்கு வருவதற்குள் கார் கிளம்பிவிட்டது.

என் வீடு ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியில் ஒரு போர்ஷன். காவிரிப் பாலத்தில் வண்டி ஓட்டிப் போகும்போது அந்த வாக்கியத்தைச் சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் பேசுவது எனக்குச் சுலபம். 'அம்மா, ஒரே ஒரு தடவை நான் திறந்து பாத்துடறேன்.' ஹெல்மெட்டுக்குள் அது நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் என் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். தையல் மெஷினில் ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்திவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். ஹேர்பின் கொத்தை எடுத்துச் சாவி மாதிரி ஆட்டினாள்.

"நாந்தான் ஓனரம்மா. சொல்லுங்க மெக்கானிக்."

"ஏய், விளையாடாத."

"எதிர்ல நின்னு சொல்லுங்க. எங்கயோ பாக்காதீங்க. என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒரு தடவ... பெட்டிய திறந்து..."

"காதுல விழல. எனக்கு வேலை இருக்கு, கார் கெளம்பப் போவுது. ட்ரைவர், வண்டிய எடு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவது முறையோ நான்காவது முறையோ முழுசாகச் சொல்லி முடித்தேன். அவள் ஹேர்பின்னைக் கீழே வைத்தாள். "சரி, பாருங்க. ஆனா ஏன் மறுபடி போச்சுன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"அது தெரிஞ்சிக்கத்தான் திறக்கணும்," என்றேன்.

"அதையே சொல்லுங்க. நல்லாத்தான இருக்கு."

மறுநாள் காலை ஓனரம்மாவுக்குப் போன் போட்டேன். எதிரில் நிற்கவில்லைதான், ஆனாலும் மச்சானைப் பேச வைக்காமல் நானே பேசினேன். கூலி வேண்டாம், ஏன் போனது என்று தெரிந்துகொள்ளத்தான் திறக்க வேண்டும் என்றேன். "நீங்களா பேசறது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. அதுக்கப்புறம் என்னை ஒண்ணும் கேக்கக் கூடாது," என்றார்.

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். "வாயே திறக்காத ஆளு, திறந்ததும் ஓசி வேலைக்கா திறக்கணும்?" என்றார். ஆனால் பெட்டியை இறக்க ஜாக்கை அவர்தான் தள்ளிக்கொண்டு வந்தார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கிளட்ச் தட்டுகளைக் கழற்றும்போது வந்த வரிசை மாறாமல் கட்டுக்கம்பியில் கோர்த்து ஆணியில் மாட்டிவிடுவோம். பார்க்க இரும்பு மாலை மாதிரி தொங்கும். புதிய தட்டுகளைப் போடும்போது அந்த மாலையைப் பார்த்து, அதில் எத்தனையோ அத்தனை, எது முன்னாலோ அது முன்னால் என்று போடுவோம். புத்தகம் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தவறாத முறை அது. என் கையில் வந்த எத்தனையோ பெட்டிகள் அந்த மாலையைப் பார்த்துத்தான் உயிர் பெற்றன.

இன்னொரு வழக்கம், மிச்ச டின். ஒரே கிட்டில் இரண்டு மூன்று மாடலுக்கான சாமான்களைச் சேர்த்துப் போட்டிருப்பார்கள். நம் பெட்டிக்கு வேண்டியது போக ஏதாவது மிஞ்சும். ஒரு வளையம், ரெண்டு வாஷர், ஒரு சீல். அதையெல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவோம். மிஞ்சினால் யாரும் திடுக்கிடுவதில்லை. மிஞ்சாவிட்டால்தான் திடுக்கிடுவோம்.

பெட்டியைத் திறந்து கருகிய தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மாலையாகக் கோர்த்தேன். லைனர் கரிக்கட்டையாக இருந்தது. ஸ்டீல் தட்டுகளில் நீலம் பாய்ந்திருந்தது. கருகல் வாசனை ஷெட் முழுக்கப் பரவியது. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது சீல். பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரப்பர் சீலின் விளிம்பில் ஓர் இடத்தில் நகத்தால் கிள்ளியது போல வெட்டு. தேய்மானம் இல்லை, வெட்டு. எண்ணெய் அழுத்தம் அந்த வழியாகத்தான் ஒழுகியிருக்கிறது. அழுத்தம் ஒழுகினால் தட்டு இறுகாது, வழுக்கும்.

புது சீல் எப்படி வெட்டுப்படும்? அது பிஸ்டனோடு உரசி ஓடுகிற உள்சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பு. விரலால் தடவிப் பார்த்தேன். சுவர் முடிகிற இடத்தில் மட்டும் ஒரு கூர் விளிம்பு. சீல் அங்கே வரை வர வேண்டிய வேலையே இல்லை. பிஸ்டன் போக வேண்டிய தூரத்தைவிட அதிகம் போனால்தான் அந்த விளிம்பைத் தொடும். அப்படியானால் பிஸ்டனுக்கு முன்னால் இடம் அதிகமாக இருந்திருக்கிறது.

அப்போது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. போன தடவை போடும்போதே இடைவெளி கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. லைனர் தட்டு எண்ணெயில் ஊறினால் உப்பும், ஓடினால் சரியாகிவிடும் என்று மச்சானும் நானும் பேசிக்கொண்டோம். ஊறியது எந்த அளவுக்கு உப்பும் என்று யார் பார்த்தார்கள்?

பழைய பிஸ்டனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கழற்றிய பழைய சாமானைச் சாக்கில் கட்டி வண்டிக்காரரிடம் ஒப்படைத்துவிடுவது ஷெட்டுகளில் உள்ள முறை. போன தடவையும் அப்படித்தான் செய்தோம்.

"பாய், அந்தச் சாக்கை என்ன பண்ணீங்க?"

பாய் அந்த வாரம் முழுக்க வேலை இல்லாமல் எங்கள் பெஞ்சிலேயே இருந்தார். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்றார். "ஏன், வேணுமா? வண்டியில தான் கெடக்கு," என்று கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்.

கேபினில் ஏறிப் பார்த்தேன். டிரைவர் சீட்டுக்கு முன்னால், பெடல் இல்லாத இடது பக்கத்தில் சாக்கு கிடந்தது. நடுவில் குதிங்கால் பட்டுப் பட்டுக் குழி விழுந்திருந்தது. பெடல் இல்லாத இடத்தில் கால் தேடாமல் இருக்க, பாய் அதைக் கால்மணையாக வைத்திருந்தார்.

"ஓனரம்மா வேணாம்னுட்டாங்க. காலுக்கு ஒசரமா சொகமா இருந்துச்சு," என்றார்.

சாக்கைப் பிரித்துப் பழைய பிஸ்டனை எடுத்துத் துடைத்தேன். ஷெட்டில் ஒரு கனத்த இரும்புப் பலகை இருக்கிறது, முகம் பார்க்கலாம் போல மட்டமானது. அதன்மேல் பழைய பிஸ்டனையும் புதிய பிஸ்டனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மேலே இரும்பு ஸ்கேலைக் குறுக்காகப் போட்டேன். ஸ்கேல் சாய்ந்தது. புதியது உயரம் குறைவு. கண்ணுக்கே தெரிகிற அளவுக்குக் குறைவு. தனித்தனியாகக் கையில் எடுத்தபோது தெரியாத வித்தியாசம், பக்கத்தில் வைத்ததும் பளிச்சென்று தெரிந்தது.

மாலையிலிருந்து வளையாத ஒரு பழைய ஸ்டீல் தட்டை உருவிப் புதிய பிஸ்டன் மேல் வைத்தேன். இன்னும் சாய்ந்திருந்தது. அதன்மேல், இருப்பதில் நல்லதாக ஒரு லைனர் வைத்தேன். ஸ்கேல் மட்டமாகப் படுத்துக்கொண்டது.

"மச்சான்," என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. மச்சான் எதிர் வண்டியின் அடியிலிருந்து தலையை நீட்டினார். "அந்த மிச்ச டின்னை எடுங்க."

டின்னைக் கொட்டினோம். வாஷர்களுக்கும் வளையங்களுக்கும் நடுவில், போன தடவை கிட்டில் மிஞ்சியதென்று நாங்களே போட்ட ஒரு லைனரும் ஒரு ஸ்டீல் தட்டும் எண்ணெய்க் காகிதத்துக்குள் புத்தம் புதிதாக இருந்தன. கம்பெனிக்காரர்கள் பிஸ்டனைச் சன்னமாக்கி, அந்த இடத்தில் கூடுதலாக ஒரு ஜோடித் தட்டு வைத்திருக்கிறார்கள். சுமையைத் தாங்க இன்னொரு ஜோடிக் கை. நாங்கள் பிஸ்டனைப் புதியதாகப் போட்டுவிட்டு, தட்டைப் பழைய மாலையைப் பார்த்து எண்ணிப் போட்டிருக்கிறோம்.

மச்சான் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடப்பாவி. மாலையைப் பாத்து ஒழுங்கா போட்டதுதான் தப்பா?"

பாய் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லதா கெட்டதா, அதச் சொல்லுங்கடா முதல்ல," என்றார். "நல்லதுதான் பாய்," என்றேன். அவர் கால் தரையை அமுக்க ஆரம்பித்தது.

எனக்குத் தெரிந்தது சரிதானா என்று கம்பெனியில் கேட்டுவிடுவது நல்லது என்று தோன்றியது. சென்னை ஸ்பேர் கடைக்காரர் சர்வீஸ் இன்ஜினியரின் நம்பரைக் கொடுத்தார். பாய் தன் போனில் அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, என் வாய்க்கு முன்னால் மைக் மாதிரி பிடித்துக்கொண்டார். எடுத்தது ஒரு பெண் குரல். நான் உடனே துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"பேசு தம்பி, கடிக்க மாட்டாங்க," என்றார் பாய். அது அந்தப் பக்கமும் கேட்டுவிட்டது. அந்தப் பெண் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்கு உதவியது. சீல் வெட்டு, ஸ்கேல் சாய்ந்தது, டின்னில் இருந்த ஜோடி என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"கரெக்ட்டுங்கண்ணா. அந்தக் கூடுதல் ஜோடி கண்டிப்பா உள்ள போகணும். நெறைய எடத்துல இப்படி ஆயிருக்கு, பழச எண்ணிப் பாத்துப் போட்டுடறாங்க. நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க, சூப்பர். ஆனா இன்னொண்ணு இருக்கு."

"சொல்லுங்கம்மா."

"கியர்பாக்ஸுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருக்குல்ல? அது பழைய தட்டோட தேய்மானத்துக்கு ஏத்த மாதிரி பழகி வச்சிருக்கும். அத அழிக்காம ஓட்டினா, புதுத் தட்டையும் பழசுன்னு நெனச்சு தாறுமாறா இறுக்கும். போன தடவ அழிச்சீங்களா?"

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

"பரவால்லண்ணா. திருச்சியிலயே எங்க ஆள் இருக்கார், லேப்டாப்போட அனுப்பறேன். அழிச்சப்புறம் காலி வண்டிய மெதுவா ஓட்டி, நின்னு நின்னு எடுத்து, திரும்பப் பழக்கணும். அவசரப்படாதீங்க."

போனை வைத்ததும் பாய் சொன்னார், "புது மருமகளுக்கு வீட்டுப் பழக்கம் சொல்லிக் குடுக்கற மாதிரின்னு சொல்லு."

"உங்க வீட்டு மருமககிட்ட இதச் சொல்லட்டுமா பாய்?" என்று மச்சான் கேட்டார். பாய் வாயை மூடிக்கொண்டார்.

பார்சல் லாரியில் அடுத்த கிட் வந்தது. லைனர்களை எண்ணெயில் ஊற வைத்தேன். இந்தத் தடவை ஆணியில் எந்த மாலையும் இல்லை. கழற்றி வைத்துவிட்டேன். சுவர் வெறுமையாக இருந்தது. பழக்கப்படாத ஊரில் வழி கேட்காமல் நடப்பது போல ஒரு பயம். தட்டுகளைப் புதிய பிஸ்டன் மேல் ஒவ்வொன்றாக அடுக்கினேன். கடைசி ஜோடி உள்ளே போய் உட்கார்ந்து, அடுக்கைப் பிடித்து வைக்கும் வளையம் அதன் பள்ளத்தில் டிக்கென்று விழுந்தது. கேஜ் வைத்து அளந்து பார்த்தேன், இடைவெளி இன்ஜினியரம்மா பிறகு பாய் போனுக்கு அனுப்பிய அளவுக்குள் இருந்தது. எண்ணெயில் ஊறி உப்பும் என்று எந்தச் சமாதானமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

லேப்டாப்காரர் வந்து பழையதை அழித்துக் கொடுத்தார். பாயும் நானும் காலி வண்டியைத் தஞ்சாவூர் ரோட்டில் துவாக்குடிப் பக்கம் ஓட்டினோம். நின்றோம், எடுத்தோம், நின்றோம், எடுத்தோம். முதலில் கியர் மாறும்போது முதுகில் ஒரு தட்டு தட்டியது. கொஞ்சம் போகப் போகத் தட்டு குறைந்தது. ஆசூர் வந்து திரும்பும்போது கியர் எப்போது மாறியது என்று காது கொடுத்துக் கேட்டால்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை அரியமங்கலத்துக்காரர் லோடு ஆட்டோவில் சாதா பெட்டியை ஏற்றிக்கொண்டு ஷெட்டுக்கே வந்துவிட்டார். மச்சான் அவரை டீ குடிக்க வைத்து உட்கார வைத்தார். ஓனரம்மா காரில் ஷெட்டுக்கு வந்து, எங்களைக் குவாரிக்கு வரச் சொன்னார். "காலி வண்டி ஓடறதெல்லாம் எனக்குத் தெரியும். லோடு ஏத்தி அந்த மேட்ல ஏறட்டும்."

கொள்ளிடம் பாலம் தாண்டி, வயல்களுக்கு நடுவில் போய், திருவெள்ளறையைக் கடந்து குவாரிக்குப் போனோம். பள்ளத்துக்குள் இறங்கி லோடு ஏற்றினார்கள். வண்டி உட்கார்ந்தது. மேலே விளிம்பில் ஓனரம்மா குடையோடு நின்றார். மற்ற டிரைவர்களும் பொக்லைன்காரரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். பாய் போன தடவை உருண்ட இடம் எல்லோருக்கும் தெரியும். பக்கச் சரிவில் பின் பம்பர் முட்டிய பள்ளம் இன்னும் இருந்தது.

நான் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீ எறங்கிடு தம்பி, எதுக்கு வீணா," என்றார். நான் இறங்கவில்லை.

வண்டி ஏறியது. எஞ்சின் சத்தம் கனத்தது, சக்கரமும் அதே கனத்தோடு சுழன்றது. எனக்கு அது போதும். சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாமல் இருந்தால்தான் வழுக்கல். பாதி மேட்டுக்கு வந்ததும் மேலேயிருந்து ஓனரம்மா கையைக் காட்டினார், நிறுத்து என்று.

"இங்கயா?" என்று பாய் தனக்குள் சொல்லிக்கொண்டார். நிறுத்தினார். முட்டிய பள்ளத்துக்கு நேர் பக்கத்தில். முழு லோடோடு மேட்டில் நின்று எடுப்பதைப் போலக் கிளட்சுக்கு வேறு சோதனை கிடையாது. அந்த அம்மாவுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பாயின் நெற்றியில் வேர்வை. இடது கால் வெறும் தரையில் கிடுகிடுவென்று தேடிக்கொண்டிருந்தது, இல்லாத பெடலை. நான் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முழங்கால் மேல் கையை வைத்தேன். "விடுங்க பாய், அது பாத்துக்கும்," என்றேன்.

அவர் பிரேக்கை விட்டார். ஒரு கணம் வண்டி ஒரு விரல் அளவு பின்னால் அசைந்தது. பிறகு உள்ளே எங்கேயோ, என் கையால் அடுக்கிய தட்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. எனக்கு அது இருக்கையின் வழியாகவே தெரிந்தது. வண்டி அசையாமல் நின்று, பிறகு மேலே நகர்ந்தது. வழுக்கவில்லை, உறுமவில்லை. மாடு நிதானமாகக் கரையேறுவது போல ஏறியது. விளிம்பைத் தாண்டிச் சமதளத்துக்கு வந்ததும் கியர் தானாக மாறியது. முதுகில் தட்டுகூட இல்லை.

பாய் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை. டிரைவர்கள் விசில் அடித்தார்கள். பொக்லைன்காரர் தன் கையை ஆட்டுவதற்குப் பதிலாக மெஷின் கையைத் தூக்கி ஆட்டினார். நான் வாழ்க்கையில் முதல் தடவையாக, கேபின் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, என்னவென்று தெரியாத ஒரு சத்தம் போட்டேன். பாய் திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரு, நீயா கத்தினது?"

ஓனரம்மா குடையை மடக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் பெரிய சிரிப்பெல்லாம் இல்லை. போனை எடுத்து ஷெட்டில் காத்திருந்த அரியமங்கலத்துக்காரரிடம் பேசினார். "அண்ணே, பெட்டிய திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க. ஆமா, வேணாம். இல்லண்ணே, வெல பேசல, வேணாம்னு சொல்றேன்." பிறகு பாயைப் பார்த்தார். "என்ன பாய் நிக்கிறீங்க? லோடு எறக்கிட்டு அடுத்த நடை வர வேணாமா?"

என்னிடம், "தாமரைக்குளத்துக்காரர் ஒருத்தர் கிட்டயும் இதே வண்டி இருக்கு, இதே மாதிரி வழுக்குதாம். உங்க நம்பர் குடுக்கட்டுமா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அப்புறம் அது போதாது என்று தோன்றி, "குடுங்கம்மா, நான் பேசறேன்," என்றேன்.

பாய் என்னை அங்கேயே இறக்கிவிட்டுக் கிளம்பினார். கொஞ்ச தூரம் போய் வண்டி நின்றது. என்னவோ ஏதோ என்று ஓடினேன். ஜன்னலில் பாயின் தலை தெரிந்தது.

"தம்பி, என் சாக்கை எடுத்துட்டியே! காலை எங்க வைக்கிறதாம்?"

பழைய சாமானை வண்டிக்காரரிடம் ஒப்படைப்பது முறை. கருகிய தட்டுகளையும், வெட்டுப்பட்ட சீலையும், பழைய பிஸ்டனையும் சேர்த்துக் கட்டிய சாக்கு ஓனரம்மாவின் கார் டிக்கியில் இருந்தது. ஷெட்டிலிருந்து அதில்தான் போட்டு அனுப்பியிருந்தார் மச்சான். தூக்கிக்கொண்டு வந்து கேபினில் ஏறி, பெடல் இல்லாத இடத்தில் வைத்தேன். முன்பைவிடக் கொஞ்சம் உயரமாகிவிட்டது. பாய் இடது காலை அதன்மேல் வைத்து, குதிங்காலால் ஒரு குழி அமுக்கி, காலை நன்றாக நீட்டிக்கொண்டார்.